கொம்புப் பிடிக்குள்ளே

மேஸ்திரி முதன்முதலாக அந்த எக்ஸ்ரே அறைக்குள் வந்தது ஒரு பூனையோடு. பேருந்துப் பணிமனையில் வளர்ந்த பூனை. சூடாக இருக்கிறதென்று ஒரு வண்டியின் எஞ்சினுக்குள் ஏறிப் படுத்திருக்கிறது. காலையில் யாரோ வண்டியைக் கிளப்ப, ஃபேன் பெல்ட் அதன் பின்னங்காலை இழுத்துவிட்டது. மேஸ்திரி தன் காக்கிச் சட்டையைக் கழற்றிப் பூனையைச் சுற்றிக்கொண்டு, வெறும் பனியனோடு இரண்டு பேருந்து மாறி, கால்நடை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

அங்கே எக்ஸ்ரே எடுப்பவளுக்கு ஐம்பது. தலைமை மருத்துவரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'. மேஸ்திரிக்கு ஈயக் கவசத்தை மாட்டிவிட்டு, பூனையின் காலை நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். பூனை அவர் மணிக்கட்டைப் பிறாண்டியது. அவர் பிடியை விடவில்லை, பூனையைத் திட்டவும் இல்லை. அதை அவள் கவனித்தாள்.

படம் திரையில் வந்தது. இரண்டு இடத்தில் முறிவு. சேர்ந்துவிடும் என்று சொன்னாள். அவர் பூனையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

"இந்த மெஷின் இரும்பையும் பாக்குமாங்க?"

"கம்பி வச்சுக் கட்டினா, கம்பி வெள்ளையாத் தெரியும்."

"அந்த இரும்புல ஓட்டை இருந்தா?"

"ஓட்டை கறுப்பாத் தெரியும்."

"கொம்புக்குள்ள இரும்பு இருந்தா?"

அவள் பூனையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உங்க பூனைக்குக் கொம்பு இல்லீங்களே," என்றாள்.

கட்டு மாற்ற, மறுபடம் எடுக்க என்று ஆறு வாரம் வந்தார். ஏழாவது வாரம் பூனை இல்லாமல் வந்தார். அதற்கு மூன்று மாதம் கழித்து, பதிவு அலுவலகத்தில் தலைமை மருத்துவரும் பணிமனையின் நேரக் காப்பாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட, இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

அவள் அதுவரை கல்யாணம் செய்துகொள்ளாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அம்மா பத்து வருஷம் படுக்கையில் கிடந்தாள். அம்மா போனபோது கேட்க ஆள் இல்லை. அவர் செய்துகொள்ளாததற்கு மட்டும் காரணம் இருந்தது. பெண் வீட்டார் என்று வந்தவர்கள் எல்லோரும் முன்னறைச் சுவரைப் பார்த்ததும், கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள்.

அந்தச் சுவரில் கத்திகள் இருந்தன. மாடியில் இரண்டே அறை கொண்ட வீடு; அதில் அறுபத்தொரு கத்திகள். நேபாளத்துக் குக்ரி, ஜாவாக்காரர்களின் நெளிந்த கிரிஸ், சூடானில் முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ளும் குட்டிக் குத்துவாள், பெயர் தெரியாத தீவுகளின் வெட்டரிவாள்கள். லாரி ஓட்டுநர்களிடமும் மாலுமிகளிடமும் பழைய சாமான் சந்தையிலும் முப்பது வருஷமாகத் தேடிச் சேர்த்தவை. வெறும் சேர்ப்பு மட்டும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு: நீளம், எடை, முதுகின் கனம் மூன்று இடத்தில், பக்கவாட்டில் படம், எந்த நூலில் இதைப் போல ஒன்று இருக்கிறது என்ற குறிப்பு. பள்ளியை எட்டாவதோடு விட்டவர், படங்களுக்குக் கீழே இருப்பதைப் படிப்பதற்காகவே அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றவர்.

பிழைப்புக்கு அவர் பார்த்தது பட்டை வேலை. பட்டை என்றதும் வேறு எதையோ நினைத்துக்கொண்டு கண்ணடிப்பவர்கள் உண்டு. மேஸ்திரி காபியைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. பேருந்தின் அடியில், சக்கரத்துக்கு மேலே, வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பள்ளத்தில் வண்டி விழும்போது பயணியின் முதுகெலும்பைக் காப்பாற்றுவது அந்தப் பட்டைக் கட்டுதான். ஒடிந்ததைக் கழற்றி, நல்லதை வைத்துக் கட்டி, மறுபடியும் வண்டிக்கு அடியில் ஏற்றுவது அவர் வேலை. முப்பத்தொரு வருஷம்.

கல்யாணமான புதிதில் அவள் கத்திகளிடமிருந்து ஒதுங்கியே நடந்தாள். "அறுபத்தொரு சக்களத்தி இருக்கிற வீட்ல எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறதுன்னே தெரியல," என்று மருத்துவமனையில் சொல்லிச் சிரித்தாள். மழைக்காலம் வந்தது. அவர் ஈரத்துக்குப் பயந்து சுவருக்கும் அலமாரிக்குமாக அலைவதைப் பார்த்தாள். மருந்து டப்பாக்களிலும் எக்ஸ்ரே ஃபிலிம் பெட்டிகளிலும் ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருக்கும்; எல்லோரும் அவற்றைத் தூக்கி எறிவார்கள். அவள் அவற்றைச் சேர்த்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் எனக்கா கொண்டு வந்தீங்க?"

"உங்க பொண்டாட்டிங்களுக்கு," என்றாள்.

கட்டிய மனைவியை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். வயது போன பிறகு சேர்ந்தவர்களுக்கு அது எளிதில் விடுவதில்லை. அவளும் அதைத் திருத்தவில்லை.

அறுபத்தொன்றில் ஒன்றுக்குத்தான் முன்னறையின் நடுச்சுவர். முன்பக்கம் சாய்ந்து நுனியில் பருத்த ஒரு தீவு வாள்; எருமைக்கொம்பில் பிடி; மரத்தில் செதுக்கிய உறை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கப்பல் சமையல்காரருக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது. "எங்க தாத்தாவோட தாத்தா காலத்துது" என்று சமையல்காரர் சொல்லியிருந்தார். மேஸ்திரி அதோடு நிற்கவில்லை. பழைய செதுக்குப் படங்களோடு ஒப்பிட்டார், கொம்பின் தேய்மானத்தை அளந்தார், கடைசியில் வாளுக்கு முந்நூறு வயது என்று பதினோரு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அவரைப் போன்ற சேகரிப்பாளர்களின் பழம் படைக்கலச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் இதழில் அது வந்தது. அவர் வாழ்க்கையில் அச்சில் வந்த முதல் எழுத்து.

அடுத்த இதழிலேயே மறுப்பு வந்தது. எழுதியவர் சங்கத்தின் மூத்த உறுப்பினரான பல் டாக்டர். "பல்லைப் பார்த்து வயது சொல்லி எனக்குப் பழக்கம்," என்று ஆரம்பித்திருந்தார். "இந்த வாளுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை."

அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. நூலகத்து மாடியில் கூட்டம் நடக்கும்போது ஒருவர் இந்தக் கோடி, இன்னொருவர் அந்தக் கோடி. இதழில் மட்டும் சண்டை தொடர்ந்தது. கடைசியாக வந்த இதழில் டாக்டர் ஒரே வரி எழுதியிருந்தார்: "பிடியைத் திறந்து பார்க்க மேஸ்திரிக்கு என்ன பயம்?"

பயம் கொம்பை நினைத்துத்தான். வாளின் அடிப்பகுதி பிடிக்குள் போய், அரக்கோ பிசினோ போட்டு இறுகியிருக்கும். திறக்கச் சூடு காட்டினால் கொம்பு விரிசல் விடும். அதை அவர் அவளுக்கு விளக்கினபோது, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கு எடுக்கிறோம், ஆமைக்கு எடுக்கிறோம். கத்திக்கு எடுத்தா என்ன?"

"எடுக்கலாம். என்ன அவசரம்."

பத்து நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் என்ன அவசரம் என்றார்.

"பூனையோட வந்த அன்னைக்கே கேட்டீங்களே, கொம்புக்குள்ள இரும்பு தெரியுமான்னு. மெஷினைப் பாத்துத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்கன்னு நான் நெனச்சிட்டிருக்கேன்."

அவர் காது சிவந்துவிட்டது. "மெஷினை மட்டும் பாக்கல," என்றார்.

தலைமை மருத்துவரிடம் அனுமதி கேட்டாள். "நாய் கடிக்கும், பூனை பிறாண்டும். இது ரெண்டும் பண்ணாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எடுத்துக்குங்க," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவசர நோயாளிகள் மட்டும்தான். காத்திருக்கும் பெஞ்சில், மடியில் முயலோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். படுக்கை விரிப்பில் சுற்றிய நீள மூட்டையோடு மேஸ்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாம்புங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க."

"என்ன தொந்தரவு அதுக்கு?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"எதையாவது முழுங்கியிருக்கும்," என்று பெரியவர் ஆறுதலாகச் சொன்னார். "நம்மளுது ரப்பர் முழுங்கிடுச்சு."

எக்ஸ்ரே அறையில் அவள் விவரம் நிரப்பினாள். நிரப்பாமல் அந்தக் கணினி வேலை செய்யாது. என்ன விலங்கு என்ற இடத்தில் 'மற்றவை' என்று தட்டினாள். எடை கேட்டது. அவர் யோசிக்காமல் அறுநூற்று நாற்பது கிராம் என்றார். வயது கேட்டது.

"முந்நூறு," என்றார்.

கணினி மூன்று இலக்கத்தை ஏற்கவில்லை. தொண்ணூற்றொன்பது என்று போட்டுவிட்டு, வாளை மேசைமேல் வாகாகக் கிடத்தினாள். நாய்கள் படுக்கும் மேசை. பிடிக்குக் கீழே ஒரு சின்ன மெத்தையை அவள் மடித்து வைத்ததை அவர் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருவரும் போய் நின்றார்கள்.

படம் அவளுக்கு முதலில் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் கொம்பு, அதற்குள் வெள்ளையாக எஃகு. அடிப்பகுதி குறுகாமல் அகலமாகவே பிடியின் கடைசிவரை போயிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு வளைந்த ஆணி.

"பாருங்க," என்றாள் சந்தோஷமாக. "ஒட்டுப் போடல, ஒடியல. முழுசா இருக்கு. அந்த ஓட்டையைப் பாருங்களேன், காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி. அந்தக் காலத்துல எப்படித்தான் போட்டாங்களோ."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரைக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தார்.

"ஓட்டையோட அளவு எடுக்க முடியுமா?"

அவள் கோடு இழுத்தாள். எண் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் மெதுவாக, "பத்தரை," என்றார்.

திரையில் 10.5 மி.மீ. என்று வந்தது.

"எப்படித் தெரியும்?"

"அணைச்சிடு," என்றார். "போதும். வா, போலாம்."

ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக அவர் அவளை 'நீ' என்று சொன்னது அப்போதுதான். சொன்னது அவருக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, கேட்கிற நேரம் இது இல்லை என்பதும் தெரிந்தது. படத்தைச் சேமித்துவிட்டு இயந்திரத்தை அணைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாளைத் துடைத்து, உறையில் போட்டு, பழைய இடத்தில் மாட்டினார். சாப்பிட்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார். வாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அன்றும் மறுநாளும் அந்தச் சுவர்ப் பக்கமே பார்க்கவில்லை. நோட்டு எழுதும் மேசையில் உட்கார்ந்து, எழுதாமல் எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு அன்று மதிய முறை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனாள். அதுவரை அவள் அங்கே போனதில்லை. கரியும் டீசலும் கலந்த வாடை; பக்கத்துக் கொட்டகையில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கால் சேர்ந்தும் நொண்டியே நடந்து பழகிவிட்ட பூனை வாசலில் வந்து அவளை முகர்ந்தது. "பட்டை செக்ஷன் கடைசியிலங்க," என்று ஒருவர் கை காட்டினார்.

மேஸ்திரி ஒரு பட்டைக் கட்டைப் பிரித்துப் போட்டு, நடுவிலிருந்த நீள போல்ட்டைத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். போல்ட் விழுந்தது. பட்டைகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்து தரையில் பரவின. ஒவ்வொன்றின் நடுவிலும் சுத்தமான வட்டத்தில் ஓர் ஓட்டை.

அவள் நின்றுவிட்டாள். குனிந்து, பக்கத்திலிருந்த பட்டையின் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"இதானா?"

அவர் நிமிர்ந்தார். அவளை அங்கே பார்த்ததில் முதலில் பதறினார். பிறகு அவள் விரலைப் பார்த்தார்.

"இதான்," என்றார். "நடு போல்ட் ஓட்டை. பத்தரை. எந்தக் கத்திக் கொல்லனும் அவ்வளவு பெரிய ஓட்டையைப் போட்டு அதுல அவ்வளவு சின்ன ஆணியை அடிக்க மாட்டான். அது ஏற்கெனவே இருந்த ஓட்டை." கையைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "ஒரு நாளைக்குப் பத்துப் பட்டையாவது என் கையில வரும். முப்பத்தொரு வருஷம். வீட்டுச் சுவத்துல நடுநாயகமா ஒண்ணை மாட்டி வச்சு, அதுக்கு முந்நூறு வயசுன்னு பதினோரு பக்கம் எழுதியிருக்கேன். லாரிப் பட்டைக்கு."

சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் கண்ணாடியை அவர் சட்டைப் பையில் வைத்தாள். அங்கே இரண்டு இரும்புப் பெட்டிகள் கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்து, மற்றதைக் காட்டினாள். அவரும் உட்கார்ந்தார்.

"படம் என்கிட்ட மட்டும்தான் இருக்கு," என்றாள். "வேண்டாம்னா அழிச்சிடறேன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்; அவளுக்கு அது முகத்தில் தெரிந்தது.

"படத்தை அழிச்சா ஓட்டை அடைஞ்சுடுமா?" என்றார் கடைசியில்.

"அந்தச் சமையல்காரர் மேல கோவமா?"

"அவருக்கு யாரு சொன்னாங்களோ. நம்பினது நான்தானே." தரையில் கிடந்த ஒடிந்த பட்டை ஒன்றைக் காலால் நகர்த்தினார். "செஞ்சவன் மேலயும் கோவம் வரல. எங்கயோ மலை ரோட்டுல வண்டி ஒடிஞ்சு நின்னிருக்கும். பட்டையைக் கழட்டி ஓரமாப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. நான்னா காயலாங்கடைக்குப் போட்டிருப்பேன். அவன் எடுத்துட்டுப் போய் அதை அடிச்சிருக்கான் பாரு. அந்த வளைவு, அந்த எடை. கையில எடுத்தா தானா முன்னால சாயும். இந்த எஃகு எவ்வளவு முரடுன்னு எனக்குத் தெரியும். உலகத்துல இருக்கிற கத்தி ஆராய்ச்சிக்காரன் எவனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அதெல்லாம் சரி. அந்த டாக்டர் சொன்னது சரியாப் போச்சே. அதுதான் தொண்டையில மாட்டிக்கிச்சு, இறங்க மாட்டேங்குது."

அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் வந்தது. இந்த முறை முழுசாக வந்தது.

அன்று சாயங்காலம் அவர் வாளைச் சுவரிலிருந்து இறக்கினார். வழக்கமாக அதைத் தொட வெள்ளைக் கையுறை போடுவார். வியர்வை பட்டால் கறுக்கும் என்பார். அன்று கையுறையை எடுக்கவில்லை. உறையிலிருந்து உருவி, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

"வெறுங்கையிலயா?"

"பட்டைதானே. என் கைக்குப் பழகினது. உனக்கும் பழகட்டும்."

அவள் பிடித்துப் பார்த்தாள். கொம்பு முதலில் குளிர்ந்திருந்தது, பிறகு கையின் சூட்டை வாங்கிக்கொண்டது. அவர் சொன்னது போலவே அது தானாக முன்னால் சாய்ந்தது. அந்த வீட்டில் எத்தனையோ கத்திகளை அவள் தூசி தட்டியிருக்கிறாள். ஒன்றைப் பிடித்தது அன்றுதான்.

சனிக்கிழமை இருவரும் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். டாக்டருக்கு எழுபத்தொன்பது. மனைவி போன பிறகு தனியாள். வைத்தியத்தை நிறுத்திப் பல வருஷம் ஆகியும், முன்னறையில் நோயாளிகள் சாய்ந்து உட்காரும் நாற்காலி அப்படியே இருந்தது. அதில்தான் அவர் உட்கார்ந்து படிப்பார். பல்லைப் பார்க்கும் விளக்கு புத்தகத்துக்கு நேராக வளைந்து நின்றது. மேஸ்திரியை வாசலில் பார்த்ததும் அவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றார். அவள்தான் வணக்கம் சொன்னாள், யார் என்று சொன்னாள், ஃபிலிமில் எடுத்து வந்த படத்தைக் கொடுத்தாள்.

டாக்டர் அதைச் சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் செருகி நெடுநேரம் பார்த்தார்.

"நடுவுல சொத்தை மாதிரி வட்டமா இருக்கே, என்னது?"

மேஸ்திரி பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். லாரிப் பட்டை என்பதை விளக்கினார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. டாக்டர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பின்னால் நகர்ந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் ஜெயிச்சுட்டேனா?"

"ஜெயிச்சுட்டீங்க டாக்டர்."

"இதை ஏன்யா கொண்டு வந்து காட்டுறீங்க? மறைச்சிருக்கலாமே."

"மறைச்சா உங்க மறுப்புக்கு நான் என்னன்னு பதில் எழுதுறது?"

டாக்டர் சிரிக்கவில்லை. விளக்குப் பெட்டியைப் பார்த்தபடியே பேசினார். "உமக்கு மறுப்பு எழுதணும்னுதான் நான் அத்தனை புஸ்தகமும் வாங்கினேன். அவ போனப்புறம் காலையில எழுந்திரிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்ல. இந்த மேஸ்திரி அடுத்த இதழ்ல என்ன எழுதப்போறான்னு பாக்கணும், அதுக்காகவாவது இருக்கணும்னு எழுந்திருப்பேன். இருபது வருஷமா நான் அதிகமாப் பேசினது உம்மகூடத்தான்." போல்ட்டை மடியில் வைத்தார். "இப்படி வந்து முடிச்சுட்டீங்களே."

அவள் எழுந்துபோய்ச் சமையலறையைக் கண்டுபிடித்து, கேட்காமலே மூன்று காபி போட்டு எடுத்துவந்தாள். அவள் வரும்போது டாக்டர் ஓர் அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு குத்துவாளை மேஸ்திரியிடம் காட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடி மரம், வெள்ளிக் கம்பி சுற்றியது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தையது என்று தகப்பனார் சொல்லிக் கொடுத்தது. மேஸ்திரி அதைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது.

"இதையும் மெஷின்ல பாக்கலாமாம்மா?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

"தாராளமா, டாக்டர்."

அடுத்த இதழில் மேஸ்திரியின் திருத்தம் வந்தது. படத்தோடு ஒரே பக்கம். படம் எடுத்த முறையை அவள் ஆறு வரியில் எழுதியிருந்தாள். அதன் கீழே டாக்டர் இரண்டு வரி சேர்த்திருந்தார்: "பதினோரு பக்கம் எழுத உழைப்பு போதும். இந்த ஒரு பக்கத்துக்கு அது போதாது."

அதற்கடுத்த ஞாயிறு டாக்டர் துண்டு மூட்டையோடு மருத்துவமனைக்கு வந்தார். மேஸ்திரி துணைக்கு உட்கார்ந்தார். ஒரு பக்கம் காது புண்ணான நாய், மறுபக்கம் இறக்கை தொங்கிய கிளி. அவள் கதவைத் திறந்து, "வாங்க டாக்டர்," என்றாள். அவர் எழுந்தார். இரண்டு அடி வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"வேண்டாம்மா," என்றார். "என்ன வருமோ தெரியாது. மேஸ்திரிக்கு வீட்ல நீ இருந்தே, தாங்கிக்கிட்டார். நான் இதை எடுத்துக்கிட்டுத் தனியாத்தான் போகணும்."

"சரி டாக்டர்," என்றாள் அவள். "தோணுறப்ப வாங்க. தோணலைன்னா சும்மா வாங்க. எங்க வீட்ல சாப்பிட்டுப் போகலாம்."

மேஸ்திரி துண்டு மூட்டையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். அவள் வேலை முடிந்து சட்டை மாற்றி வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். மூவரும் சேர்ந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் தணிந்திருந்தது. கொஞ்ச தூரம் டாக்டர் தரையைப் பார்த்தே வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மேஸ்திரி, வாள் புதுசு. சரி, ஒத்துக்கிட்டீங்க. உறை?"

"உறைக்கு என்ன?"

"உறை பழசுய்யா. அந்தச் செதுக்கல் வேலையைப் பாத்தீங்களா? அது வேற ஏதோ வாளுக்குச் செஞ்ச உறை. உங்க பட்டை அதுல வாடகைக்குக் குடியிருக்கு."

"அது எப்படி? கச்சிதமா உக்காருதே."

"உக்காராது. ஆடும்."

"ஆடாது. இருபத்திரண்டு வருஷமா நான் போட்டு எடுக்கிறேன்."

"கையுறை போட்டுக்கிட்டு எடுத்தா என்ன தெரியும்?"

பேருந்து வந்து நின்றது. இருவரும் அதைப் பார்க்கவே இல்லை. நடத்துநர் அவளைப் பார்த்தார். அவள் போகச் சொல்லிக் கை காட்டினாள். பேருந்து போய்விட்டது.

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. அது உறையில ஆடுதா?"

கத்தி விஷயத்தில் அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவள் நிறுத்தத்தின் கல் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, நிதானமாக யோசித்தாள்.

"ஆடுது," என்றாள். "வாய்கிட்ட இல்ல, நுனிப் பக்கம். தூசி தட்டறப்ப கடகடன்னு சத்தம் கேக்கும்."

டாக்டர் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். மேஸ்திரி அவள் எதிரே வந்து நின்றார்.

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"நீங்க கேக்கலயே," என்றாள் அவள், அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டே.